விழக் கற்பித்த பேராசான்

மற்போர்க் கலைஞர் ஒருவரின் வரலாற்றை இலக்கியப் பகுதியில் எழுதப் புகுவது சிலருக்கு வியப்பை அளிக்கலாம். ஆயின் நான் இங்கே கூறவிருப்பவர் மற்போர்க் கலைஞராக மட்டும் வாழ்ந்தவரல்லர். வாழ்நாளின் பெரும்பகுதியை வகுப்பறையிலும் அதிபர் நாற்காலியிலும் கழித்தவர். யப்பானிய நாவலாசிரியர் நட்சுமே சோசெகிக்கு ஆசிரியப் பதவி வழங்கியவர். சீனத்துப் பெரும் எழுத்தாளர் லூ சுன் பயின்ற பள்ளியை நிறுவியவர். அனைத்துலக ஒலிம்பிக் குழுவில் அங்கம் பெற்ற முதலாவது ஆசியர். அவரே ஜூடோவைத் தோற்றுவித்த கானோ ஜிகோரோ. தோல்வியிலிருந்து கற்பதற்கு அவர் ஒரு முறையை வகுத்தார். அம்முறை அவர் விரும்பிய எல்லையோடு நின்றுவிடவில்லை. அவர் அவ்வளவாக விரும்பாத திசையிலும் சென்று தழைத்தது. அவர் வரலாற்றில் என் உள்ளத்தைப் பெரிதும் ஈர்ப்பது இதுவேயாகும்.

மெலிந்த சிறுவன்

யப்பானின் இன்றைய கோபே நகரின் பகுதியாகிய மிக்காகே என்னும் ஊரில், 1860ஆம் ஆண்டு கானோ பிறந்தார். அரிசி மது வடிப்பதிற் புகழ் பெற்ற குடும்பம் அது. தந்தையார் அத்தொழிலை மேற்கொள்ளாது அரசாங்கத்தின் கப்பற்றுறைப் பணியில் ஈடுபட்டார். மைந்தன் கல்வியிற் சிறக்கவேண்டும் என்பதே அவர் அவா. ஏறக்குறைய ஒன்பது வயதில் தாயை இழந்த சிறுவன் தந்தையுடன் தோக்கியோ நகருக்குச் சென்று, சீனத்து அறநூல்களையும் எழுத்தணிக் கலையையும் ஆங்கிலத்தையும் கற்றான். 1868ஆம் ஆண்டின் அரசியல் மாற்றத்தின் பின்னர் யப்பான் மேனாட்டறிவை இரு கைகளாலும் வாரிக்கொண்ட காலம் அது.

கல்வியில் அவனுக்கு ஈடு கொடுப்போர் சிலரே. ஆயின் விடுதி வாழ்க்கையில் கல்வி துணை செய்யவில்லை. வளர்ந்த பின்னரும் அவர் உயரம் சுமார் 5 அடி 2 அங்குலந்தான். மெலிந்த உடலுடைய அச்சிறுவனை வலிய மாணாக்கர் அடித்துத் துன்புறுத்தினர். மெலியவன் வலியவனை வெல்ல வழிசெய்யும் ஜுஜுத்சு என்னும் பழைய வித்தை ஒன்று உண்டு என அவன் கேள்வியுற்றிருந்தான். அதனைக் கற்க விரும்பியபோது தந்தையார் இணங்கவில்லை. புதிய காலத்திற்கு ஒவ்வாத பழம்பொருளாகவே அன்று பலரும் அவ்வித்தையைக் கருதினர். வாளேந்திய மறவர் குலம் சிறப்பிழந்தபோது அவர்களின் வித்தைகளும் மதிப்பிழந்தன. ஆசான்கள் பலர் வறுமையுற்றனர்.

1877ஆம் ஆண்டு பல்கலைக்கழகம் புகுந்ததும் கானோ தாமே ஆசானைத் தேடிப் புறப்பட்டார். அவர் விசாரித்தது முறிவு நெரிவு வைத்தியர்களை. மூட்டைப் பிரிக்கக் கற்றவர்களே மூட்டைப் பொருத்தவும் அறிந்திருந்தமையால், பழைய ஆசான்களிற் பலர் அத்தொழிலால் வயிறு வளர்த்தனர். இவ்வாறு தேடிக் கண்ட முதல் ஆசான், தென்ஜின் ஷின்யோ மரபைச் சேர்ந்த புக்குடா ஹாச்சினோசுக்கே.

ஆசான்கள் மூவர்

புக்குடாவின் கற்பித்தல் முறை பழைய முறை. ஒரு நாள் ஆசான் கானோவைத் தூக்கி எறிந்தார். கையை எங்கே வைப்பது, காலை எவ்வாறு பெயர்ப்பது என்று மாணாக்கர் கேட்டார். ஆசான் விளக்கம் கூறாது மீண்டும் எறிந்தார். கேட்க மீண்டும் எறிந்தார். பலமுறை விழுந்தெழுந்தாற் றானே விளங்கும் என்பதே அவரது கொள்கை. உடலாற் கற்பதை உடலாலேயே கற்கவேண்டும் என்னும் உண்மை அதில் உண்டு. ஆயினும் பல்கலைக்கழக மாணாக்கரின் உள்ளம் காரணத்தை நாடியது. ஏன் விழுந்தேன் என்ற வினாவை அவர் ஒருபோதும் கைவிடவில்லை.

அக்கூடத்தில் புக்குஷிமா என்னும் பருத்த உடலினர் ஒருவர் மூத்த மாணாக்கராயிருந்தார். கானோவால் அவரை அசைக்கவும் முடியவில்லை. யப்பானியரின் சுமோ மற்போர் நுட்பங்களை முயன்றார், பயனில்லை. பின்னர் நூலகஞ் சென்று மேனாட்டு மற்போர் நூல்களைப் புரட்டினார். எதிரியின் தாழக் குனிந்து அவனைத் தோளின் குறுக்கே தூக்கியெறியும் உத்தி ஒன்று அங்கே கிடைத்தது. அதனைப் பழகிப் புக்குஷிமாவை வீழ்த்தினார். தோளாற் சுழற்றுதல் என்னும் பெயரில் அது இன்றும் ஜூடோவில் வழங்குகின்றது. நல்லது எங்கிருந்து வரினும் கொள்ளலாம் என்ற மனப்பான்மையை இளம் பருவத்திலேயே அவரிடம் காண்கிறோம்.

1879ஆம் ஆண்டு அமெரிக்காவின் முன்னாள் சனாதிபதி கிராண்ட் யப்பானுக்கு வந்தபோது, அவர் முன்னிலையில் வித்தை காட்டியவர்களுள் கானோவும் ஒருவர். சில நாட்களில் புக்குடா இறந்தார். ஆசானின் சுவடிகள் மாணாக்கரிடம் வந்தன. அடுத்து ஈசோ மசத்தோமோ என்பவரிடம் பயின்றார்; அவரும் 1881இல் மறைந்தார். மூன்றாவது ஆசான் கித்தோ மரபைச் சேர்ந்த ஈக்குபோ. ஐம்பதைக் கடந்த அம்முதியவர் இளைஞராகிய கானோவை எளிதில் எறிந்துவந்தார். ஒரு நாள் நிலைமை மாறியது. கானோ எறிந்தார், முதியவர் விழுந்தார், மீண்டும் மீண்டும் விழுந்தார்.

நடந்தது இதுதான். எதிரியின் சமநிலையை முதலிற் குலைத்துவிட்டுப் பின்னரே எறியவேண்டும் என்பதைக் கானோ கண்டுபிடித்திருந்தார். தள்ளுபவனை எதிர்த்துத் தள்ளாமல் இழுத்தல். இழுப்பவனை எதிர்த்து இழுக்காமற் றள்ளுதல். அவன் உடல் ஒரு திசையிற் சாய்ந்த கணத்தில் அத்திசையிலேயே வீழ்த்துதல். பழைய ஆசான்கள் இதனைக் கையால் அறிந்திருந்தனர். கானோ இதனைப் பிறருக்குச் சொல்லிக் கொடுக்கத்தக்க ஒழுங்காக்கினார். கலைஞனுக்கும் ஆசிரியனுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் உள்ளது என நான் கருதுகிறேன்.

கோயிலில் ஒரு கூடம்

1882ஆம் ஆண்டு, தம் 22ஆம் வயதில், தோக்கியோவிலுள்ள எய்ஷோஜி என்னும் பௌத்தக் கோயிலில் 12 பாய்கள் கொள்ளும் இடமொன்றில் தம் பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். முதலாண்டில் மாணாக்கர் ஒன்பதின்மர். ஆட்கள் விழும் அதிர்ச்சியால் கோயிற்றளம் குலுங்கியது. இறந்தோர் பெயர் பொறித்த பலகைகள் சாய்ந்தன. குருக்கள் முகம் சுளித்தார். இரவில் விளக்கேந்தித் தளத்தின் கீழே தவழ்ந்து சென்று, உடைந்த மரங்களுக்கு முட்டுக்கொடுத்த நிறுவுநரைக் கற்பனை செய்து பாருங்கள். கூடத்திற்குக் கொடோக்கான் என்று பெயரிட்டார்; வழியைக் கற்கும் இடம் என்பது அதன் பொருள். வித்தை என்று பொருள்படும் ஜுத்சு என்ற சொல்லை நீக்கி, வழி என்று பொருள்படும் டோ என்ற சொல்லை ஏற்றமையால் ஜுஜுத்சு ஜூடோவாயிற்று.

பெயர் மாற்றம் வெறும் அலங்காரமன்று. முதலில் மாணாக்கனுக்கு விழக் கற்பித்தார்: பாயைக் கையால் அறைந்து, தலையைக் காத்து, அச்சமின்றி விழுதல். விழ அஞ்சுபவன் உடலை விறைக்கிறான், விறைத்தவன் கற்கமாட்டான். அடுத்து, தோழனை மெய்யாகவே ஊறுபடுத்தக்கூடிய அடிகளையும் உதைகளையும் தனியே வகுத்த ஒழுங்குப் பயிற்சிக்கு ஒதுக்கினார். எஞ்சியவற்றை இருவரும் முழு ஆற்றலோடு பயிலும் கட்டற்ற பயிற்சிக்கு உரியனவாக்கினார். எதிர்க்கும் மனிதனோடு நாள்தோறும் பயிலவும் முடிந்தது. மறுநாள் இருவரும் நலமாக வந்து சேரவும் முடிந்தது. 1883ஆம் ஆண்டு சைகோ ஷிரோ, தோமித்தா துசுனெஜிரோ ஆகிய இருவருக்கும் முதற்படித் தரம் வழங்கினார். இன்று உலகெங்கும் வழங்கும் படித்தர முறையின் தொடக்கம் அது.

தரையிற் கிடைத்த பாடம்

கொடோக்கானின் இளைஞர்கள் எறிவதில் வல்லவராயினர். அவர்கள் பெயர் நாடெங்கும் பரவிற்று. அந்நிலையில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியாண்டுகளை அண்டி, புசென் மரபைச் சேர்ந்த தனபே மத்தாயெமொன் என்பவர் அவர்களுக்குப் பெருந் தலைவலியானார். அவர் நின்று எறியப்படக் காத்திருக்கவில்லை. எதிரியைத் தம்மோடு தரைக்கு இழுத்தார். அங்கே கழுத்தை நெரித்தும் மூட்டை மடக்கியும் வென்றார். கொடோக்கானின் தோபரி தாக்கிசபுரோ போன்ற வல்லவர்களும் அவரிடம் தோற்றனர்.

வாசகர் சிலருக்கு இது விளங்காதிருக்கலாம். மல்லாந்து கிடப்பவன் தோற்றவன் என்பது பொது எண்ணம். சில காலம் பாயிற் பயின்றவன் என்ற முறையிற் கூறுகிறேன்: அவ்வெண்ணம் பிழை. கிடப்பவனின் கால்கள் கோட்டை மதில்கள். அவற்றால் எதிரியின் இடையைப் பூட்டுவான். அல்லது பாதங்களை அவன் இடுப்பில் ஊன்றித் தூரத்தே நிறுத்துவான். மேலே உள்ளவன் அவனை அடக்கவேண்டுமாயின் அக்கால்களைக் கடந்து அவன் பக்கத்தையோ மார்பையோ அடைதல் வேண்டும். கால்களுக்கு நடுவே உள்ளவரை அவனுக்கு வெற்றியில்லை. ஆபத்து மட்டுமே உண்டு.

புதிய மாணாக்கன் இங்கே செய்வது எப்போதும் ஒன்றே. வலிமையை நம்பி முன்னே சாய்ந்து தள்ளுவான். கீழே உள்ளவன் அவனை மேலும் முன்னே இழுப்பான்; சமநிலை போய்விடும். ஒரு கை கால்களுக்குள்ளும் மறு கை வெளியிலும் இருக்குமாயின், கால்கள் முக்கோணமாய் மடிந்து கழுத்தை இறுக்கும். ஆகவே, முதுகை நிமிர்த்தித் தலையை உயர்த்தி அமர்தலே முதற் பாடம். இரண்டாம் பாடம், காலின் வலிமை இடுப்பிலிருந்து பிறப்பதால் இடுப்பை அசையவிடாது செய்தல். அதன் பின்னரே வழி தேடுதல்: முழங்காலருகே ஆடையைப் பற்றிக் கால்களை ஒருபுறம் தள்ளிச் சுற்றிச் செல்லலாம்; ஒரு காலைத் தோளில் ஏந்தி அவன்மேல் மடக்கி அழுத்தலாம்; தன் முழங்காலை அவன் தொடைமேல் அறுத்தாற்போற் செலுத்தி நடுவே நுழையலாம். வலப்புறம் செல்லும்போது அவன் முழங்கால் குறுக்கே வருமானால் அதனோடு மல்லாடலாகாது. அவன் வலப்புறம் திரும்பிய அக்கணத்தில் இடப்புறம் திறந்திருக்கும். கானோ ஈக்குபோவை எறிந்த நாளிற் கண்ட உண்மையும் இதுவே. நின்றாலும் கிடந்தாலும் சமநிலையின் சட்டம் ஒன்றுதான்.

ஆகவே தனபேயின் வெற்றிகள் கானோவின் கொள்கையைப் பொய்யாக்கவில்லை. அவருடைய மாணாக்கரின் பயிற்சியில் இருந்த இடைவெளியையே காட்டின. கானோ இதனை எவ்வாறு ஏற்றார் என்பதில் அவரது உள்ளத்தின் அளவு தெரிகிறது. தோற்ற தோபரி தரைப் பயிற்சியில் ஆழ்ந்தார். இசொகாய் ஹஜிமே போன்றோர் அத்துறையை வளர்த்தனர். அடக்கும் பிடிகள், கழுத்து நெரிகள், மூட்டு மடக்குகள் என வகைக்கு ஐந்தாகப் பதினைந்து நுட்பங்கள் கொண்ட ஒழுங்குப் பயிற்சி நிலைபெற்றது. 1906ஆம் ஆண்டு, ஜூடோவின் ஒழுங்குப் பயிற்சிகளை நாடு முழுவதற்கும் பொதுவாக வரையறுக்கக் கியோத்தோவிற் குழுவொன்று கூடியது. தலைமை வகித்தவர் கானோ. அக்குழுவில் இடம்பெற்ற ஆசான்களுள் ஒருவர் தனபே மத்தாயெமொன். தம் மாணாக்கரைத் தோற்கடித்தவரைத் தம் மேசையில் அமர்த்திப் பாடத்திட்டம் வகுப்பது எல்லாராலும் ஆவதன்று.

அதிபர் கானோ

இத்தனைக்கும் ஜூடோ அவரது ஓய்வுநேரப் பணியே. பிழைப்பும் பதவியும் கல்வித்துறையிலேயே இருந்தன. 1891இல் குமமோத்தோவில் உயர்பாடசாலை ஒன்றின் அதிபரானார். அங்கே ஆங்கிலம் கற்பித்த எழுத்தாளர் லவ்காதியோ ஹேண் ஜுஜுத்சுவைப் பற்றி எழுதிய கட்டுரை மேனாட்டு வாசகருக்கு இக்கலையை அறிமுகஞ் செய்தது. 1893இல் தோக்கியோ உயர்தர ஆசிரிய கலாசாலையின் தலைமையை ஏற்று, சில இடைவெளிகளுடன் 1920 வரை அப்பதவியில் இருந்தார். ஒரு நாட்டின் ஆசிரியர்களை உருவாக்கும் இடம் அது.

இளைஞராகிய சோசெகி அங்கே ஆசிரியப் பதவிக்கு வந்தபோது, மாணாக்கருக்கு முன்மாதிரியாக விளங்கவேண்டும் என்ற நிபந்தனை தமக்கு இயலாதது எனத் தயங்கினார். அந்த நேர்மையையே தகுதியாகக் கொண்டு கானோ அவரை நியமித்தார். சீன மாணாக்கருக்காக அவர் 1902இல் அமைத்த கோபுன் கல்லூரியில் அதே ஆண்டு சேர்ந்து 1904 வரை பயின்றவர் லூ சுன். சீனமும் யப்பானும் போரிட்டு ஏழெட்டு ஆண்டுகளே கழிந்திருந்த காலம் அது என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

பெண்களுக்கும் 1893ஆம் ஆண்டளவிலேயே ஜூடோ கற்பிக்கத் தொடங்கினார்; 1926இல் கொடோக்கானிற் பெண்கள் பிரிவு தோன்றிற்று. முதல் ஆசான் புக்குடாவின் பேர்த்தி கெய்கோவை அவரே அழைத்துச் சேர்த்தார். அவ்வம்மையார் 2013ஆம் ஆண்டு, 99ஆம் வயதில் மறையும்வரை அக்கலைக்கே வாழ்ந்தார். பாட்டனார் கொடுத்ததைப் பேர்த்திக்குத் திருப்பிக் கொடுத்த கடன் தீர்ப்பு அது. 1929இல் தாகூரின் சாந்திநிகேதனத்திலும் கொடோக்கானிலிருந்து வந்த தக்காகாகி ஷின்சோ ஜூடோ கற்பித்தார்.

ஆசிரியரை மீறிய மாணாக்கர்

இனி நான் முக்கியமெனக் கருதும் பகுதிக்கு வருகிறேன். தரைப் போரை ஏற்ற கானோ அதனை முதன்மைப்படுத்த விரும்பவில்லை. நின்று எறியும் பயிற்சி உடல் முழுவதையும் வளர்க்கும். எதிரிகள் பலராயின் தரையிற் கிடப்பது ஆபத்து. எறிதலை இளமையிற் கற்காதவன் பின்னர்க் கற்பது கடினம். இவை அவருடைய காரணங்கள், மூன்றும் வலுவானவையே. ஆயின் உயர்பாடசாலை மாணாக்கரின் கணக்கு வேறு. 1914ஆம் ஆண்டு கியோத்தோ பல்கலைக்கழகத்தின் ஆதரவில் அவர்களுக்கிடையே போட்டிகள் தொடங்கின. பாடசாலையில் அவர்கள் இருப்பது சில ஆண்டுகள். ஓர் எறிதலைச் செம்மையாகக் கற்க அக்காலம் போதாது. தரை நுட்பமோ உழைப்பவனுக்கு விரைவில் வசமாகும். வெல்ல இயலாதவனும் தோற்காதிருந்து தன் அணியைக் காக்கலாம். ஆகவே அவர்கள் தரையிலேயே கிடந்து பயின்றனர். கால்களாற் காப்பதும் கால்களைக் கடப்பதும் அக்கூடங்களில் நுணுகி ஆராயப்பட்டன. நாவலாசிரியர் இனொவே யசுஷி கனசாவா பாடசாலையில் இவ்வாறு பயின்றவர். அவ்வனுபவம் வட கடல் என்னும் பெயருடைய நாவலாகியது.

1925ஆம் ஆண்டளவிற் கொடோக்கான் விதிகளைத் திருத்தி, நேரே தரைக்கு இழுப்பதைக் கட்டுப்படுத்தியது. மாணாக்கரின் போட்டிகளோ பழைய விதிகளிலேயே தொடர்ந்தன. பெருமதிப்புக்குரிய நிறுவுநரின் விருப்பத்திற்கு மாறாக இளைஞர் நின்றனர். கானோ அவர்களோடு வாதிட்டார். ஆயினும் தம் குடும்பத்தினின்று விலக்கிவிடவில்லை. இது பலவீனமா, பெருந்தன்மையா என்று கேட்கலாம். வலிமையும் ஆற்றலும் நன்னோக்கிற்கே பயன்படவேண்டும், தானும் பிறரும் சேர்ந்தே உயரவேண்டும் என்பன 1922ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட இரு கொள்கைகள். அவற்றை மாணாக்கர் வேறு வழியிற் கடைப்பிடித்தனர் என்றே நான் சொல்வேன்.

கடலுக்கு அப்பாலும் இதே கதைதான். 1878இற் பிறந்த மாயேடா மிட்சுயோ என்னும் கொடோக்கான் மாணாக்கர் 1904இல் தோமித்தாவுடன் அமெரிக்கா சென்றார். ஐரோப்பாவிலும் இலத்தீன் அமெரிக்காவிலும் மேடைதோறும் மற்போர் செய்து, 1914இற் பிரேசிலை அடைந்து, அமேசன் ஆற்று முகத்துவாரத்தை அடுத்த பெலெம் நகரிற் குடியேறினார். அங்கே அவரிடம் கற்ற இளைஞர்களுள் ஒருவர் கார்லோஸ் கிறேசி. அவரும் அவருடைய உடன்பிறந்தாரும் தரைப் பயிற்சியை முதன்மையாக்கி வளர்த்ததே பிரேசிலிய ஜியு-ஜித்சு. அதன் கூடங்களில் இன்று ஒவ்வொரு மாலையும் இளைஞர்கள் கால்களைக் கடக்கப் பழகுகின்றனர். கானோ குறைக்க விரும்பியதையே அவர்கள் நிறைத்துக்கொண்டனர். ஆயின் எதிர்க்கும் தோழனோடு ஊறின்றிப் பயிலும் முறை கானோவினுடையது. அணியும் தடித்த மேலங்கியும் அவர் வழி வந்தது.

இறுதிப் பயணம்

1909இல் ஒலிம்பிக் குழுவிற் சேர்ந்த கானோ, 1912இல் யப்பானின் முதல் வீரர் இருவரை ஸ்ரொக்ஹோமுக்கு அழைத்துச் சென்றார். 1940ஆம் ஆண்டு விழாவைத் தோக்கியோவுக்குப் பெற்றுக்கொடுக்க முதுமையிலும் உலகஞ் சுற்றினார். 1938 மார்ச்சில் கெய்ரோவில் நடந்த கூட்டத்தில், சீனத்தோடு போர் நடந்துகொண்டிருந்த வேளையிலும், அவ்வுரிமையைக் காத்தார். திரும்பும் வழியில், ஹிக்காவா மாரு என்னும் கப்பலில் நிமோனியாக் காய்ச்சல் கண்டு, அவ்வாண்டு மே 4ஆம் நாள் காலமானார். யொக்கோஹாமாத் துறையை அடைய இரு நாட்களே எஞ்சியிருந்தன. இரு மாதங்களின் பின் யப்பான் தானாகவே விழாவைக் கைவிட்டது. அக்கப்பல் இன்றும் அத்துறையிற் காட்சிப்பொருளாய் நிற்கின்றது.

1964ஆம் ஆண்டு ஒலிம்பிக் விழா தோக்கியோவில் நடந்தது. ஜூடோவும் முதன்முதலாக அதில் இடம்பெற்றது. ஒக்டோபர் 23ஆம் நாள், எடை வரம்பற்ற பிரிவின் இறுதிப் போட்டியில் யப்பானின் கமினாகாவை ஒல்லாந்தரான கெய்சிங்க் எதிர்த்தார். முடிவைத் தந்தது எறிதலன்று. பாயிற் கிடத்தி, மார்புக்குக் குறுக்கே அணைத்து அடக்கிய பிடி அது. யப்பானியர் கண்ணீர் விட்டனர். ஒல்லாந்து இரசிகர் மகிழ்ச்சி தாளாது பாயை நோக்கி ஓடிவந்தபோது, கெய்சிங்க் கையை உயர்த்தி அவர்களைத் தடுத்தார். பின்னர் தோற்றவருக்கு முறைப்படி தலைவணங்கினார். யப்பானியர் பலர் அன்று தம் கலை பறிபோயிற்றெனக் கலங்கினர். கானோ உயிரோடிருந்து அக்காட்சியைக் கண்டிருப்பின், அவ்வெளிநாட்டாரைத் தம் மாணாக்கர் வரிசையிலேயே சேர்த்திருப்பார் என்பதில் எனக்கு ஐயமில்லை.